இரண்டாம் பட்டியல்

முடிவு செய்துவிட்டுத்தான் வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று தவசீலன் காலையில் பல் விளக்கும்போதே நினைத்திருந்தான். வந்து நின்றும் விட்டான். முடிவுதான் வரவில்லை. இனி முன்னால் நிற்கிற நாற்பது தலைகளும் நகர்ந்து முடிவதற்குள் அது வந்தாக வேண்டும். வேலாங்குளம் முகாமில் மாதத்துக்கு இரண்டு முறை செக்கிங் நடக்கும். வருவாய் ஆய்வாளர் வருவார், எல்லோருக்கும் அவர் ஆர்.ஐ. சார், வேப்பமரத்தடியில் மேசை போடுவார்கள், குடும்பம் குடும்பமாகப் போய் நின்று, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், எங்கும் ஓடிப்போகவில்லை என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். முப்பத்து நாலு வருடமாக அவன் அந்த மேசைக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறான். மீசை முளைத்ததும், கல்யாணம் ஆனதும், முன்மண்டை வழுக்கையானதும் அவன் வீட்டுக் கண்ணாடிக்கு அடுத்தபடி அந்தப் பதிவேட்டுக்குத்தான் தெரியும். ஆனால் இன்றைக்குப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதக் கட்டு இருந்தது, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கருங்கல். ஒப்புதல் படிவம். இன்றோடு கடைசி. அதில் குடும்பத்துக்காக அவன் கையெழுத்து வைத்தால் மகள் நிரோஜினி, இந்த முகாமில் பிறந்து இந்த ஊர்ப் பள்ளியில் படித்து நர்ஸாகி நிற்கிறவள், இந்த நாட்டுக்காரி ஆவதற்கு விண்ணப்பம் போகும். வைத்தால், அவன் தம்பி குலேந்திரன் இந்த நாட்டுக்குத் தேவையில்லாதவன் என்று அண்ணனே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும். அப்படி ஆகாது என்று முகாம் தலைவி நேசக்கா சொன்னாள். அவள் எதைத்தான் சொல்லவில்லை. தவசீலன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான், பேனா இருந்தது, பேனா இருப்பதே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் பட்டியல், இரண்டாம் பட்டியல். இரண்டாயிரமாம் வருடம் முடிவதற்குள் பதிந்தவர்கள் முதல் பட்டியல், அவர்கள் குடியுரிமை கேட்கலாம். அதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டாம் பட்டியல், அவர்கள் வருடத்துக்கு வருடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருக்கலாம், அனுமதி நின்றால் போய்விட வேண்டும். இனிமேல் கடல் தாண்டி எவர் வந்தாலும் முகாம்காரர்கள் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இதுதான் சமரசம். எல்லோரையும் சேர்த்துக்கொள் என்று ஒரு கட்சியும், ஒருவரையும் விடாதே, கடற்கரையை மூடு என்று இன்னொரு கட்சியும் எத்தனையோ வருடம் மைக் பிடித்துக் கத்திவிட்டு, கடைசியில் நடுவில் வந்து கைகுலுக்கிக்கொண்ட இடம். கைகுலுக்கியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பட்டியலுக்கும் நடுவிலான அந்தக் கோட்டை இன்றைக்குக் காலையில் புதிதாக வந்திருக்கிற ஆர்.ஐ. சுண்ணாம்புப் பொடியால் தரையில் போட்டுவிட்டார். "ரெண்டு லைனா நில்லுங்க. பழைய நம்பர் இந்தப் பக்கம், புது நம்பர் அந்தப் பக்கம். தள்ளுமுள்ளு வேண்டாம்." சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் சொன்னார். தவசீலன் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து வரிசை கொஞ்சம் குட்டை; அதன் வால்பகுதியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குலேந்திரன். வந்து இரண்டு வருடம். ஊரில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் முழுக்க நின்ற காலத்தில் மனைவியோடு படகேறி வந்தவன். அண்ணனின் ரோலரையும் சாரக்கயிற்றையும் தூக்கிக்கொண்டு பெயின்ட் வேலைக்கு வருகிறான். பட்டி பார்ப்பதில் இப்போதே அண்ணனைவிடக் கை சுத்தம். "அண்ணை," என்றான் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "யோசிச்சுக்கொண்டு நிக்காம வையுங்கோ. பிள்ளைக்கு வேலை வந்திருக்கு." தவசீலன் திரும்பவில்லை. "நீ சொல்லித்தான் நான் வைக்க வேணுமோ?" "நான் சொல்லாட்டி வைக்க மாட்டியள் எண்டுதான் சொல்லுறன்." தம்பிக்காரன் மன்னித்துவிடுகிற வேகம்தான் இவனுக்கு எப்போதும் தாங்க முடிவதில்லை. ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தலை நகர்ந்தது. மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நேசக்கா. முழுப்பெயர் மரியநேசம், மன்னார்க் கரையாள், ஐம்பத்தெட்டு வயது, பதினொரு வருடமாக முகாம் தலைவி. நாற்காலியில் சாய மாட்டாள். சாய்ந்தால் அதிகாரிகள் நம்மைச் சும்மா வந்த ஆள் என்று நினைப்பார்கள் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு குடும்பமும் மேசைக்கு வரும்போது ஆர்.ஐ. அவளைப் பார்ப்பார், அவள் "தெரியும்" என்பாள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அதுதான் இங்கே வழக்கம். புகைப்படமும் அட்டையும் எல்லாம் இருந்தாலும் தலைவியின் வாயால் "தெரியும்" வந்தால்தான் ஆள் ஆள். பதினொரு வருடத்தில் அவள் எத்தனை ஆயிரம் தெரியும் சொல்லியிருப்பாள். பிரசவத்துக்குப் போனவளுக்கு, ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு, வெளியூரில் பெயின்ட் அடித்துவிட்டு பஸ் கிடைக்காமல் பின்னேரம் ஓடி வந்தவனுக்கு. தவசீலனுக்கே ஒரு தடவை, அவன் கோயம்புத்தூரில் மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, "தெரியும் சேர், வயித்தோட்டம், உள்ளுக்குக் கிடக்கிறான்" என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்து வாசலில் நின்று அரை மணி நேரம் திட்டினாள். திட்டுவதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. தான் சொன்னது பிழை என்று இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. சர்ச் சுவருக்கு அவன் அடித்த நீலத்தைப் பார்த்துவிட்டு, மாதாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வரும் என்று ஊர் முழுக்கச் சொன்னவள். இதெல்லாம் சேர்த்துத்தான் நேசக்கா. அவளை ஒதுக்கிவிட்டு யோசிக்கப் பார்த்தால் யோசனை போய் அவள் முதுகில்தான் முட்டுகிறது.

ஆறு மாதமாக அவளோடு சண்டை. நூலகக் கொட்டகையில் கூட்டம் போட்டு அவள் படிவத்தை வாசித்தபோது முதலில் எழுந்தது இவன்தான். இவனுக்கு முகாமில் ஸ்பீக்கர் என்று பெயர், சும்மா வரவில்லை. "வந்தால் எல்லாரும் சேர்ந்து வருவம், இல்லாட்டி எல்லாரும் சேர்ந்து கிடப்பம். வீட்டுக்கு நடுவில சுவர் வைக்க நீங்கள் ஆர்?" கொட்டகை கைதட்டியது. அவள் கைதட்டு அடங்கும்வரை கண்ணாடியைச் சேலை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி, நீ கத்துறது சரி. கத்தி முடிச்ச பிறகு, நாளைக்கு விடிய என்ன செய்யிறது எண்டு சொல்லு. அதை நான் போய்ச் செய்யிறன்." அவன் அதைக் கேட்டு இன்னும் சத்தமாகக் கத்தினான். அவள் பெரிய ஆபீசுக்குப் பதினாலு தடவை போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பச்சை ஃபைல், அதே குடை. ஒரு தடவை செருப்பு அறுந்து, ஊக்குக் குத்திக்கொண்டு படியேறினாள் என்று கூடப் போன கமிட்டிக்காரர் வந்து சொன்னார். பதினாலு தடவைக்கும் சேர்த்து அவள் வாங்கி வந்தது இரண்டே இரண்டு வரி. ஒன்று, தகவல் வந்ததும் அந்த ஆட்களுக்கு முதலில் தண்ணீரும் டாக்டரும், பிறகு முகாம், சிறை இல்லை. இன்னொன்று, முதல் பட்டியலில் இருக்கிற ஒரு பிரதிநிதி இரண்டாம் பட்டியலுக்காக மனுக் கொடுக்கலாம், மேசையில் உட்கார்ந்து பேசலாம், இந்த ஏற்பாடு அதைத் தடுக்காது. இரண்டு வரிக்கும் தவசீலன் சிரித்தான். "தண்ணி பருக்கிப்போட்டுப் பிடிச்சுக் குடுக்கிறதோ அக்கா?" கொட்டகையும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "ஓம்," என்றாள், "முதல் தண்ணி." அந்த இரண்டு சொல் அவனுக்குள் எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது. பல்லில் நார் மாட்டியது போல ஆறு மாதமாக நாக்கு அங்கேயே போகிறது.

இன்னும் முப்பது பேர் இருக்கும். வெயில் ஏறியது, தார்ப்பாயின் ஓட்டை வழியாக ஒரு வட்டம் அவன் கையில் விழுந்தது. நகக்கண்ணில் நேற்றைய பிரைமர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நேற்று ஒரு டாக்டர் வீட்டில் வேலை. இரண்டு நிறம் சேருகிற இடத்தில் டேப் ஒட்டி அடித்தார்கள், டேப்பை உரித்ததும் நூல் பிடித்தாற்போல ஒரு விளிம்பு, வீட்டுக்கார அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். விளிம்பு சுத்தமாக வர வேண்டும் என்பதுதான் அவன் தொழில். அந்த விளிம்பில் ஒரு மனுசனை நிற்க வைத்தால் எப்படி இருக்கும் என்று டேப்பைச் சுருட்டும்போது தோன்றியது, கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. "என்னண்ணை?" என்றான் குலேந்திரன் ஏணியிலிருந்து. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எவ்வளவு லேசாக வருகிறது வாயில். நிரோஜினியும் அப்படித்தான் சொன்னாள். போன மாதம் மதுரையில் அந்த ஆஸ்பத்திரிக்கு நேர்முகத்துக்குப் போய், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, வேலை உனக்குத்தான் என்று அவர்கள் சிரித்த பிறகு, குடியுரிமை என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்களாம். பேனாவை மூடி வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று சர்டிபிகேட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றை வடித்தாள். என்னம்மா ஆச்சு என்றால், ஒன்றுமில்லையப்பா. அவர்கள் இந்த மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பார்கள். தவசீலன் தலையைத் திருப்பினான். பெண்கள் நிழலில் தாய்க்குப் பக்கத்தில் மகள் நின்றாள், அவனைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்கு அவள் படுகிற பாடு இங்கேவரை தெரிந்தது. நான் என்ன செய்யட்டும் பிள்ளை. ஒரு கையில் நீ, ஒரு கையில் அவன். எந்தக் கையால் கையெழுத்து வைப்பது.

அவனை ஏற்கனவே ஒரு கோடு காப்பாற்றியிருக்கிறது, அதுதான் விஷயம். தொண்ணூறாம் வருடம், அவனுக்குப் பதின்மூன்று வயது, குலேந்திரனுக்குப் பத்து. கரையில் படகுக்காரர் அம்மாவைப் பார்த்து, "உங்களோட ஒரு பிள்ளை ஏறலாம். ரெண்டு பேர் எண்டால் எல்லாரும் தாழுவம்" என்றார். அப்பா பெரியவன் முதுகில் கை வைத்துப் படகு பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். சின்னவன் அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், கையாட்டினான், கையாட்டச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆட்டினான். அதைப் பற்றி இரண்டு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு வேளை மறந்திருப்பானோ. மறந்திருக்க மாட்டான். படகுக்காரர் விடியற்காலை மணல்திட்டு ஒன்றில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினார். கடலுக்கு நடுவில் நாலு வீட்டு அகலத்துக்கு மணல், மரமில்லை, புல் இல்லை. இந்தியப் படகு வரும், ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றார். பத்தொன்பது பேர். படகு வரவில்லை, வெயில்தான் வந்தது. ஒரே ஒரு தண்ணீர்க் கேன். அதை எவரும் கேட்காமலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் ஒரு மெலிந்த பெண், இருபத்து நாலு வயது, முந்தின நாள்வரை யாருக்கும் யாரென்று தெரியாதவள். பிள்ளைகளுக்கு முதலில் கொடு என்றார் ஒருவர். படகு வந்தால் நீந்திப்போய் நிறுத்த ஆண்களுக்குத் தெம்பு வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம், இரண்டு பக்கமும் சத்தம். அவள் கேனின் மூடியைக் கழற்றினாள். "எல்லாருக்கும் ஒரு மூடி. மிச்சத்தப் பிறகு பாப்பம்." ஒரு மூடி என்பது நாக்கு நனைகிற அளவு. தவசீலன் இன்னொன்று கேட்டான். இல்லை என்றாள். மணலில் விழுந்து புரண்டு கத்தினான், அம்மா அடித்தாள், அடிக்க அடிக்கக் கத்தினான். கேன் வைத்திருந்தவள் அவனைக் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "உனக்கு நல்ல சத்தம் இருக்கு. அதை அழுது வீணாக்காத. அங்க பார், படகு தெரிஞ்சாக் கத்து." உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் பிறகு ஒரு புள்ளி தெரிந்தது. கத்தினான். தொண்டை கிழிந்து உப்புச் சுவை வரும்வரை கத்தினான். புள்ளி திரும்பியது.

இந்தக் கதையை அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். நான் கத்தித்தான் பத்தொன்பது உயிர் பிழைத்தது என்று முடிப்பான். கதையில் ஒரு துண்டை மட்டும் எப்போதும் விட்டுவிடுவான், வேண்டுமென்று இல்லை, சொல்லச் சொல்ல அது உதிர்ந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கிறவரின் பிடரி வியர்வையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது தானாக வந்து நின்றது. அந்தப் படகில் பத்தொன்பது பேருக்கு இடமில்லை. அதில் வந்த மீனவர் தன்னிடம் இருந்த தண்ணீரை அவர்களிடம் தூக்கிப் போட்டுவிட்டுக் கரைக்குப் போய்த் தகவல் சொன்னார். காக்கிச் சட்டையிடம் போய்த்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் ரோந்துப் படகு வந்தது. தகவல் சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது இங்கே வரிசையில் நின்று கோபப்பட ஆள் இருந்திருக்காது. தகவல். படிவத்தில் நாலாவது பத்தியில் இருக்கிற அதே சொல். அதற்காக அந்தப் பத்தி நல்லதாகிவிடுமா? ஆகாது. போன வருடம் யாரோ சொன்ன இதே மாதிரித் தகவலால்தான் படகில் வந்த நாலு பெடியள் சிறைக்குள் போனார்கள், இன்னும் வெளியே வரவில்லை. இரண்டும் தகவல்தான். முதலில் தண்ணீரா, முதலில் விலங்கா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தண்ணி. அன்றைக்குக் கேனை மடியில் வைத்திருந்த அதே நேசக்கா வேறெதையும் சொல்லவில்லை, மணல்திட்டைச் சொன்னாள். கொட்டகையில் அவ்வளவு பேர் நடுவில் அவனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அவன் சிரித்தான். ஆறு மாதம் கழித்து இந்த வேப்பமரத்தடியில் வெட்கம் வந்து காதுவரை சுட்டது. இருந்தாலும் நீ போட்ட கோடு பிழைதான் அக்கா, பிழைதான், தம்பியைப் பார்.

இன்னும் ஒரே ஒரு குடும்பம், அதுவும் கையெழுத்து வைத்து நகர்ந்தது. அப்போது மேசையில் ஏதோ பேச்சு. ஆர்.ஐ. ஒரு தாளைத் திருப்பி நேசக்காவிடம் காட்டினார், காட்டுவதற்கே அவருக்குச் சங்கடமாக இருந்தது போலிருந்தது. நேசக்கா தாளைப் பார்க்கவில்லை. தெரிந்ததுதான் என்பது போலத் தலையாட்டினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டைச் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தாண்டி, அந்தப் பக்கத்து வரிசையின் முன்னால் போய் நின்றாள். முதல் ஆளாக. வரிசை சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்து இடம் விட்டது. தவசீலனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு ஒரே அடியாக விளங்கியது. போர் நின்றுபோன அந்தக் கொஞ்சக் காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், காணியைப் பார்க்க, தகப்பனின் கல்லறைக்குச் சிலுவை வைக்க என்று மன்னாருக்குத் திரும்பிப் போனவள். மறுபடி குண்டு விழுந்ததும் இரண்டாயிரத்து ஆறில் படகில் வந்தாள். புது வரவு, புது நம்பர். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் செக்கிங்கில் அவள் வரிசையில் நின்று எவரும் பார்த்ததில்லை, எல்லாம் முடிந்த பிறகு மேசையிலேயே கையெழுத்து வைப்பாள். மேசையில் இருப்பவளுக்கு நம்பர் உண்டு என்று எவனுக்குத் தோன்றும். கோடு போட்டவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். பதினாலு தடவை படியேறி, செருப்பறுந்து, என் மகளுக்காகப் பேசியிருக்கிறாள், தனக்கில்லாததை. நான் கொட்டகையில் எழுந்து நின்று வீட்டுக்கு நடுவில் சுவர் வைக்க நீங்கள் ஆர் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் வாயை அன்றைக்கே மூடியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவதை நிறுத்தியிருப்பேன் என்றுதானோ.

"தவசீலன், குடும்பம் மூணு." மேசைக்கு வந்துவிட்டான். காலியான நாற்காலி பக்கத்தில். ஆர்.ஐ. படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார், கருங்கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த ஸ்பீக்கரு? அந்தம்மா சொன்னாங்க." ஆர்.ஐ. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க பேரை மட்டும் தனியா முதல் பட்டியல்ல சேத்துக்கலாம்னு மேல இருக்கிற ஆபீசருங்க ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. அந்தம்மாதான் வேணாம்னுட்டாங்க. எம்பேரைச் சேத்தா அப்புறம் எவன் எம்பேச்சை நம்புவான்னு கேட்டாங்களாம். ரூல்ஸ்படி பிரதிநிதி முதல் பட்டியல்ல இருக்கணும். இந்த நாற்காலிக்கு அவங்க உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க." அவனுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது, வேறு ஏதோ வந்தது. "நான் அவவோட ஆறு மாசமாச் சண்டை சேர்." "அதையும் எழுதியிருக்காங்க," என்று ஆர்.ஐ. பச்சை ஃபைலைத் திறந்து காட்டினார். சாய்ந்த பள்ளிக்கூட எழுத்து. இவர் இந்த ஏற்பாட்டுக்கு முழு எதிர்ப்பு. இரண்டாம் பட்டியல்காரருக்காகப் பேச இவரைப்போல் கோபமுள்ள ஆள் முகாமில் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள், அதற்குக் கீழே கையெழுத்து. தவசீலன் திரும்பிப் பார்த்தான். வரிசையின் வாலில் குலேந்திரன் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நின்றான். கரையில் நின்ற மாதிரியே நின்றான், ஆனால் கையாட்டவில்லை. தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினான். படகுக்காரர் கோடு போட்டபோது பேச நாலு பேர் இல்லை, மேசை இல்லை, ஃபைல் இல்லை. இப்போது ஒரு நாற்காலியாவது இருக்கிறது. மடியில் ஒரு கேனை வைத்துக்கொண்டு பதினொரு வருடமாக அவள் உட்கார்ந்திருந்த இடம். எல்லாருக்கும் ஒரு மூடி, மிச்சத்தப் பிறகு பாப்பம். அந்த மிச்சத்தை இப்போது அவன் தலையில் கட்டிவிட்டாள் மனுசி. அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்து வைத்தான். மை கொஞ்சம் பரவியது, பெயின்ட் படிந்த விரலால் ஒற்றி எடுத்தான், பெண்கள் நிழலில் மகள் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். சாயவில்லை, அது தானாகவே வந்தது. முதல் வரிசையில் மீதி நின்றவர்களுக்கு ஒவ்வொருவராகத் "தெரியும்" என்றான், வாய்க்குப் பழக்கமில்லாததால் முதல் இரண்டு மூன்று இடறியது. அந்த வரிசை முடிந்தது. ஆர்.ஐ. இரண்டாவது பதிவேட்டைத் திறந்து முதல் பக்கத்தில் விரலை வைத்தார். "மரியநேசம்." அவள் வந்து நின்றாள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தாள். கால் விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஆர்.ஐ. வழக்கப்படி இவனைப் பார்த்தார். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" முகாமே கேட்கிற குரல் அவனுடையது. கடலைத் தாண்டிப் போய் ஒரு படகைத் திருப்பிய குரல். இந்த ஒரு சொல்லுக்கு அது எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. "தெரியும்," என்றான். அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. நேசக்கா குனிந்து பதிவேட்டில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சத்தம் காணாது தம்பி," என்றாள், "பின்னால உன்ர தம்பி நிக்கிறான். அவனுக்குக் கேக்கேல்ல." தவசீலன் நாற்காலியை விட்டு எழுந்து, வரிசையின் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு, திரும்பச் சொன்னான்.